கொறற்றி அக்காவின் எனோமஸ் மெழுகுதிரி

ஜேர்மனியின் எசன் நகரத்துத் தமிழருக்குள் ஒரு மனிசரைக் கண்டவுடனேயே அவருடைய சட்டை அளவைச் சொல்லக்கூடியவர் கொறற்றி அக்கா ஒருவர்தான். வாய் திறந்து சொல்லமாட்டார். அந்த மரியாதை அவரிடம் உண்டு. ஆனால் கண் சும்மா இருக்காது. கலியாண மண்டப வாசலில் உங்களைக் கண்டு, "என்ன, சுகமா இருக்கிறியளே?" என்று அவர் கேட்கும் அந்த ஒரு நொடிக்குள், போன வருசம் நீங்கள் எக்ஸ்எல், இந்த வருசம் டபுள் எக்ஸ்எல் என்பது உள்ளே எழுதப்பட்டுவிடும். நீங்கள் வயிற்றை எக்கிப் பிடித்தும் பயனில்லை.

அது அவருடைய வேலை கொடுத்த கண். ஆசுப்பத்திரி உடுப்புகள் தோய்க்கும் பெரிய லோன்றி ஒன்றில் இருபத்திரண்டு வருசமாக நிற்கிறார். தாதிமாரின் சட்டைகளும் டொக்டர்மாரின் காற்சட்டைகளும் காய்ந்து வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும். அவற்றை அளவளவாகப் பிரித்துத் தட்டுகளில் அடுக்க வேண்டும். எஸ் தொடங்கி ஐந்து எக்ஸ்எல் வரை எட்டுத் தட்டுகள். மற்றப் பெண்கள் கழுத்தில் தைத்திருக்கும் துண்டைப் பிரட்டிப் பார்ப்பார்கள், அல்லது கைக்கருவியைக் காட்டி அது பீப் என்று சொன்ன பிறகு வைப்பார்கள். ஒருநாள் கருவிகள் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டன. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அக்கா மட்டும் இரண்டு மணித்தியாலம் தனியே நின்று பிரித்தார். பிறகு சரிபார்த்தபோது ஒரே ஒரு சட்டைதான் தட்டு மாறியிருந்தது. அதிலும் அக்கா சொன்னதுதான் சரி. துண்டைத்தான் மாற்றித் தைத்திருந்தார்கள்.

"பெரிசு" என்பது உங்களுக்கும் எனக்கும் வெறும் பேச்சு. கொறற்றி அக்காவுக்கு அது ஒரு தட்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், அந்த மனிசி ஒரு மெழுகுதிரிக்காக மூன்று மாதம் வீட்டையே ஆட்டிப்படைத்தது ஏன் என்பது விளங்கிவிடும்.

அக்கா பிறந்தது மன்னார், பேசாலை. படித்தது சிஸ்ரர்மாரின் பள்ளிக்கூடத்தில். அங்கே ஒரு வெள்ளைக்கார சிஸ்ரர் இருந்தார். காலைச் செபம், மாலைச் செபம் எல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து தமிழில்தான் சொல்லுவார். ஆனால் விடுதியில் நாலு பிள்ளைகளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது மட்டும் சிற்றாலயத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலிசில் மன்றாடினார். நாலு பிள்ளைகளும் பிழைத்தார்கள். அதில் ஒருத்தி கொறற்றி. அன்றைக்கே அவருடைய சின்ன மண்டைக்குள் ஒரு ஒழுங்கு விழுந்துவிட்டது: இங்கிலிஸ் என்பது ஆபத்துக்கு எடுக்க வேண்டிய பாசை.

ஜேர்மனிக்கு வந்த பிறகும் அந்த ஒழுங்கு குலையவில்லை. செபமாலைக்கும் சண்டைக்கும் தமிழ். கந்தோர் ரெர்மின், விண்ணப்ப அன்ட்ராக், லோன்றி முதலாளி எல்லாவற்றுக்கும் டொச், அதாவது ஜேர்மன் பாசை. இங்கிலிசைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். இரண்டே இரண்டு தடவைதான் வெளியே எடுத்தார். எல்லையில் ஒரு லொறிக்குள் மூச்சடக்கிக் கிடந்தபோது, "வன் கேண்டில்" என்று மாதாவுக்கு நேர்ந்தார். மகள் எவ்லின் வயிற்றுக்குள் கால்மாறிக் கிடந்து டொக்டர்மார் உதட்டைப் பிதுக்கியபோது, "வன் பிக் கேண்டில்" என்று நேர்ந்தார். இரண்டையும் வட்டி வைக்காமல் கொடுத்து முடித்தார்.

மூன்றாவது தடவை போன வைகாசி கடைசியில் வந்தது.

அன்றைக்கு அக்காவுக்குக் காலை வேலை. வீட்டில் அவருடைய புருசன் கிறிஸ்தோப்பர் அண்ணை தனியே. அண்ணை முப்பது வருசம் பேக்கரி ஒன்றுக்குப் பாண் வான் ஓடி, இப்போது ஓய்வில் இருப்பவர். ஐந்தடி மூன்றங்குலம். வாய் கொஞ்சம் நீளம். மீன் வெட்டிக்கொண்டு நின்றவருக்கு நெஞ்சுக்குள் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருந்திருக்கிறது. கையைக் கழுவிவிட்டு, அடுப்பை நிற்பாட்டிவிட்டு, அம்புலன்சுக்குத் தானே போன் அடித்து, கதவையும் திறந்து வைத்துவிட்டுத்தான் விழுந்தார். நல்ல ஒழுங்கான மனிசன்.

அக்கா லோன்றி உடுப்போடேயே ஓடி ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது, அவரைத் தள்ளுவண்டியில் சத்திரசிகிச்சைக் கதவடிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அண்ணை கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். திரும்ப மூடிக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது.

அக்கா அந்தச் சாம்பல் நிறக் கதவைப் பார்த்தபடி இங்கிலிசை எடுத்தார். "மதர், ஐ வில் கிவ் யூ வன்..." என்று தொடங்கியவருக்கு "பிக்" என்ற சொல் வாய் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் "பிக்" எவ்லினுக்குக் கொடுத்தாயிற்று. மனிசன் நெஞ்சைப் பிளந்துகொண்டு கிடக்கிறான், போன தடவை சொன்னதையே திருப்பிச் சொல்லுவதா? அக்கா மூளையின் அடித்தட்டு வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். சிஸ்ரரின் வகுப்பில் எப்போதோ மனப்பாடம் செய்த ஒரு சொல் அகப்பட்டது.

"வன் எனோமஸ் கேண்டில்."

ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகு டொக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார். அக்கா அவருடைய கையைப் பிடித்து அழுதார். அழுதபடியே, இவருக்கு எம் போதும், ஏன் எல் போட்டிருக்கிறார் என்றும் நினைத்தார்.

அண்ணை வீட்டுக்கு வந்தார். மருந்துகளோடு ஒரு கட்டளையும் வந்தது: மூன்று மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. அக்கா சமையலறைத் தராசை எடுத்து வைத்து, வீட்டில் அண்ணை தொடக்கூடியது எது, தொடக்கூடாதது எது என்று பிரித்துவிட்டார். அரிசிப் பை, தொடக்கூடாது. தண்ணீர்ப் போத்தல் கட்டு, தொடக்கூடாது. ரிமோட், தொடலாம்.

அதெல்லாம் சுகம். சுகமில்லாதது நேர்த்திக்கடன். ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, ஒல்லாந்து எல்லையோரம் இருக்கும் மாதா கோயிலுக்கு ஐரோப்பாவில் உள்ள தமிழரில் பாதிப்பேர் வந்து இறங்குவார்கள். சைவக்காரர், வேதக்காரரான கிறிஸ்தவர் என்ற வித்தியாசமே கிடையாது. எல்லோருக்கும் மாதா வேண்டும். அன்றைக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எனோமஸ் என்றால் எவ்வளவு? அளவு குறைந்தால் நேர்த்தி நிறைவேறாது. நேர்த்தி நிறைவேறாவிட்டால்... அதற்கு மேல் அக்கா நினைக்கமாட்டார். அண்ணை ஒரு தும்மல் போட்டால் போதும், அக்காவின் முகத்தில் ஈயாடாது. ஏப்பம் விட்டால் ஓடிவந்து நாடி பிடித்துப் பார்ப்பார்.

"இஞ்சாரும், அது கத்தரிக்காய்," என்பார் அண்ணை.

"கத்தரிக்காயோ கடனோ, ஆருக்குத் தெரியும்?" என்பார் அக்கா. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் நின்று கண்ணைத் துடைப்பார். அவருக்கு உண்மையாகவே பயம். முப்பத்திரண்டு வருசம் ஒரே கட்டிலில் கிடந்த மனிசனை ஒரு சொல்லின் அளவு தெரியாமல் பறிகொடுக்க அவர் தயாராக இல்லை.

எவ்லின் கொலோனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவளை, கை கழுவ முன்பே அக்கா பிடித்து இருத்தினார். கடை விளம்பரத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எட்டுக் கோடுகள் கீறி வைத்திருந்தார்.

"பிள்ளை, பெரிசுக்கு இங்கிலிசில் உள்ள சொல்லெல்லாம் சொல்லு. சின்னனில் இருந்து வரிசையாச் சொல்லு. லார்ஜ், எல். அதுக்கு அடுத்தது?"

"அம்மா, அப்பிடி வரிசை இல்லை."

"இல்லாமல் எப்பிடி? ஹியூஜ் இருக்கு, எனோமஸ் இருக்கு, ஜைகான்ரிக் இருக்கு. எது எந்தத் தட்டு?"

எவ்லின் சிரித்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிற்பாட்டினாள். நாலு வருசம் வகுப்பில் நின்றவள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவளுக்கும் தகப்பனின் வாய்.

"அதுகள் ஒரே சாமானின்ரை வேற வேற அளவு இல்லையம்மா. ஒவ்வொண்டும் வேற வேற பக்கத்தைப் பாக்கிற சொல்லு. ஹியூஜ் எண்டால் கண்ணுக்கு முன்னாலை பருமனா நிக்குது. மசிவ் எண்டால் பாரமும் சேர்ந்தது, உள்ளுக்கை கட்டி, அசைக்க ஏலாது. வாஸ்ற் எண்டால் பரப்பு. கடல், வானம், வயல்வெளி. மெழுகுதிரியை வாஸ்ற் எண்டு சொல்ல ஏலாது."

"உருக்கி ஊத்தினால்?" என்றார் அண்ணை, சோற்றிலிருந்து தலையை எடுக்காமல்.

"அப்பா! ஜைகான்ரிக், அரக்கன் அளவு. கொலோசல், பெரிய சிலை அளவு. இமென்ஸ் எண்டால் அளக்க ஏலாதது."

அக்கா நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டார். "நல்லகாலம், இமென்ஸ் எண்டு என்ரை வாயிலை வரேல்லை. அளக்க ஏலாததை எங்கை போய் வாங்குறது? சரி, எனோமஸ்?"

"அது லத்தீன். ஒழுங்குக்கு வெளியாலை போனது. அந்தச் சாமானுக்கு வழமையா ஒரு அளவு இருக்குமெல்லே, அதைத் தாண்டினது. பயப்பிடுற அளவுக்குத் தாண்டினது."

"டொச்சிலையும் 'எனோம்' இருக்குத்தானே," என்றார் அண்ணை.

அக்கா அந்த விளம்பரத் தாளைத் திருப்பிக் காட்டினார். உடுப்புத் தோய்க்கிற தூளுக்கு எனோம் விலைக்கழிவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. குறைத்திருந்தது வெறும் நாற்பது சதக் காசு. "இவங்கள் அந்தச் சொல்லைத் தோய்ச்சுத் தோய்ச்சுச் சுருக்கிப்போட்டாங்கள். நான் நேர்ந்தது இங்கிலிசிலை. மாதா இங்கிலிசிலைதான் எதிர்பாத்துக்கொண்டு இருப்பா."

"ஆனால் அம்மா, ஒரு எனோமஸ் எறும்பு வந்தாலும் அது ஒரு குட்டி யானையை விடச் சின்னன்தான். எந்தச் சாமான் எண்டதைப் பொறுத்தது."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏனென்றால் மற்ற நாள் காலமை அண்ணை கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பிறந்தநாள் கேக்கில் குத்துகிற வகை மெழுகுதிரி. வழமையானது சின்னிவிரல் நீளம். இது ஒரு முழம்.

"இந்தா பாரும். கேக் திரிக்குள்ளை இது எனோமஸ். பயப்பிடுற அளவுக்குத் தாண்டியிருக்கு. பாரமும் நூறு கிராம் வராது. நானே தூக்கிக்கொண்டு போகலாம்."

"மாதாவைப் பேய்க்காட்டப் போறியளோ?" அக்கா இடுப்பில் கையை வைத்தார். "உங்கடை நெஞ்சைத் தைச்ச டொக்டர் பொம்மைக்குத் தைக்கிற நூலாலை தைச்சிருந்தால் சந்தோசப்பட்டிருப்பியளோ?"

"அப்ப ஊரிலை மடு மாதா கோயிலிலை குடுக்கிறமாதிரி ஆளுயரத்துக்கு ஒண்டைக் குடுமன். என்ரை உயரத்துக்கு."

அக்கா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இருபத்திரண்டு வருசக் கண். "அஞ்சடி மூண்டு," என்றார். "அது எனோமசோ?"

தன் உயிருக்காகக் கொடுக்கிற திரி தன்னை விட உயரமாக இருக்க வேண்டும் என்றால், அது பெருமையா, நக்கலா என்று அண்ணைக்குப் பிடிபடவில்லை.

பங்குத் தந்தைக்கும் அக்கா போன் அடித்துக் கேட்டார். "மாதா அளவு பாக்கமாட்டா, கொறற்றி. மனசைத்தான் பாப்பா," என்றார் அவர். அக்கா பணிவாக, "ஓம் பாதர்," என்று போனை வைத்துவிட்டு, "பாதர் ஒருநாளும் லோன்றியிலை நிண்டதில்லை," என்றார்.

கடைசியில் வழி காட்டியது ஒரு மெழுகுதிரி செய்கிற ஜேர்மன் மனிசிதான். நகரத்துக்கு வெளியே சின்னப் பட்டறை. அவர் ஒரு விலைப்பட்டியலை விரித்தார். கோயில் திரிகளில் அவரிடம் உள்ள ஒழுங்கான அளவுகளில் கடைசி ஒரு மீற்றர் இருபது, ஐந்தரைக் கிலோ. அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியலில் கிடையாது, தனியாக ஊற்ற வேண்டும்.

அக்காவின் கண் மின்னியது. "பட்டியலுக்கு வெளியாலை?" என்று டொச்சில் கேட்டார். ஒழுங்குக்கு வெளியே போனது. எவ்லின் சொன்ன அதே சங்கதி! ஜேர்மன்காரரே ஒன்றை ஒழுங்குக்கு வெளியே என்று சொன்னால், அது உலகத்தில் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒழுங்குக்கு வெளியேதான்.

"உங்களிட்டை இருக்கிறதுக்குள்ளை ஆகப் பெரிய அச்சு எது?"

"ஒரு மீற்றர் எண்பது. பதினாலு சென்ரிமீற்றர் தடிப்பு. இருபத்தைஞ்சு கிலோ வரும். ஆருக்கு இது?"

"மாதாவுக்கு," என்றார் அக்கா.

நேர்த்தித் திரியை, யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆள் கையால் கொண்டுபோய் வைக்க வேண்டும். இது அக்கா வீட்டு வழக்கம்; லொறித் திரியை அவரே கொண்டுபோனார், எவ்லினின் திரியைக் கைக்குழந்தையின் விரலைப் பிடித்துத் தொடவைத்துக் கொண்டுபோனார். இப்போது ஆள் தூக்கக்கூடியது ஐந்து கிலோ, திரி இருபத்தைந்து கிலோ. கொடுக்காவிட்டால் மனிசன் போய்விடுவார் என்று பயம், தூக்கவைத்தால் தூக்கியே போய்விடுவார். அக்கா இரண்டு நாள் யோசித்தார். பிறகு லோன்றியில் ஈர உடுப்பு மூட்டையைத் தோளில் ஏற்றும்போது விடை வந்தது. அந்த மூட்டையும் இருபத்தைந்து கிலோதான். நாளுக்கு நாற்பது தடவை தூக்குகிறார்.

"பாரம் என்ரை தோளிலை. நீங்கள் பின்னாலை வாலிலை பிடியுங்கோ. அஞ்சு கிலோவுக்கு மட்டும் பிடியுங்கோ."

"அஞ்சு கிலோவுக்கு மட்டும் எப்பிடியப்பா பிடிக்கிறது?"

"பழகுவம்," என்றார் அக்கா. கட்டில் விரிப்பைச் சுருட்டித் தராசில் வைத்து, அண்ணைக்கு ஐந்து கிலோவின் பிடி எது என்று ஒரு கிழமை பயிற்சி நடந்தது.

அந்தச் சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. முப்பத்தைந்து பாகை. மெழுகை ஏற்றிய கார் அது. முன் இருக்கையை மடக்கி, திரியைக் கண்ணாடியடியிலிருந்து பின்பக்கம் வரை நீட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். எவ்லின் ஓட்டினாள். அது வளைந்துவிடக்கூடாது என்று குளிரூட்டியை ஆகக்கூடிய குளிருக்கு விட்டிருந்தார்கள். பின்னால் அண்ணையும் அக்காவும் நெருக்கிக்கொண்டு, மார்கழிக் குளிருக்குப் போடுகிற தடித்த ஜக்கெற்றுகளோடு இருந்தார்கள். சிக்னலில் பக்கத்தில் நின்ற காருக்குள் அரைக்காற்சட்டையோடு இருந்த ஒரு குடும்பம் இவர்களை வாய்பார்த்தது. அண்ணை கையுறை போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"எனக்கு விறைக்குது," என்றார் சற்றுக் கழித்து.

"திரிக்கு வேர்க்குது. பேசாமல் இருங்கோ," என்றார் அக்கா.

கோயிலடியில் சனம் என்றால் சனம். லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் அங்கேதான். ரோல்ஸ் கடையில் வரிசை, ஐஸ்கிறீம் கடையில் வரிசை, இடையில் மாதாவைத் தூக்கிக்கொண்டு வருகிற சுற்றுப்பிரகாரம். ஒன்றரை மீற்றர் உயரமான ஒரு மனிசி, தோளில் ஒன்று எண்பது நீளத் திரியோடு அதற்குள் நுழைந்தார். பின்னால் அண்ணை, விறைப்பு விடாமல் ஜக்கெற்றோடேயே, வாலைப் பிடித்தபடி. அக்கா வலது பக்கம் திரும்பினால் வால் இடது பக்கம் அடித்தது. பாரிஸ்காரர் ஒருவரின் தொப்பி பறந்தது. எவ்லின் நடுவில் குனிந்து நிமிர்ந்து, எல்லோரிடமும் மூன்று பாசையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"இஞ்சை விடுங்கோ அக்கா, நாங்கள் தூக்கிறம்," என்று நாலு பேர் வந்தார்கள்.

"வேண்டாம் தம்பி. ஆனால் இவர் அஞ்சு கிலோவுக்கு மேலை பிடிக்கிறாரோ எண்டு ஒருக்காப் பாருங்கோ," என்றார் அக்கா. அவர் மூச்சு வாங்கியது. முகம் சிவந்தது. ஆனால் உள்ளே பெரிய நிம்மதி. பார்க்கிற ஒவ்வொருவரின் வாயும் திறந்தது. கண் மேலே போனது. இது பிக் இல்லை. இது ஹியூஜும் இல்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அளவு சரி என்று அக்காவுக்குப் பட்டது.

திரிகள் வைக்கும் சிற்றாலயத்தில் சாம்பல் நிற மேலங்கியோடு ஒரு வயதான ஜேர்மன்காரர் நின்றார். திரியைப் பார்த்து விசிலடித்தார். எவ்லினும் அவரும் சேர்ந்து அதை நிமிர்த்திச் சுவரோரம் ஒரு இரும்புத் தாங்கியில் நிறுத்தினார்கள். அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார்.

"இல்லை, இல்லை," என்றார் அவர் அவசரமாக. "இந்த அளவுத் திரியளை நாங்கள் கொளுத்த விடுறதில்லை. நெருப்புப் பாதுகாப்பு. வடிவா நிக்கட்டும். கொளுத்துறது அங்கை." அவர் காட்டிய மூலையில் சின்னத் திரிகள் நூற்றுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன.

அக்காவின் கை அப்படியே நின்றது. கொளுத்தாத திரி என்ன திரி? வெறும் மெழுகு. இருபத்தைந்து கிலோ மெழுகைக் காவிக்கொண்டு வந்து சுவரில் சாத்திவிட்டுப் போவதற்கா மாதா அந்தக் கதவுக்குப் பின்னால் ஐந்து மணித்தியாலம் நின்றார்? எவ்லின் டொச்சில் கெஞ்சிப் பார்த்தாள். அவர் நல்ல மனிசன்தான், ஆனால் தலையை ஆட்டினார். அக்காவின் கண் நிறைந்து வழியத் தொடங்கிவிட்டது. எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் சரியாக வந்திருக்கும் என்று தெரியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து அண்ணை தன்பாட்டுக்குச் சின்னத் திரிகள் எரியும் மூலைக்குப் போனார். ஜக்கெற் பைக்குள் கையைவிட்டார். விரல் நீளத்தில் ஒரு திரி. பக்கத்துத் திரியில் பற்றவைத்து, ஒரு குழியில் குத்திவிட்டு, சிலுவை அடையாளம் போட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்தார். "அது என்ன?"

"என்ரை நேர்த்தி."

"உங்கடை நேர்த்தியோ? எப்ப நேர்ந்தனீங்கள்?"

"அண்டைக்குத்தான். மீன் வெட்டேக்கை. விழுந்து கிடந்து."

அக்காவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்கடை உயிருக்கு நீங்கள் நேர்ந்தது இதோ? விரலளவு? நான் மூண்டு மாதமா நித்திரையில்லாமல் திரியிறன், நீங்கள் தீப்பெட்டிக்குள்ளை வைக்கிற சாமானைக் குடுக்கிறியள்! கசவாரம்! மாதாவுக்குமோ கஞ்சத்தனம்?"

"உயிருக்கு நேரேல்லை," என்றார் அண்ணை.

"அப்ப?"

அண்ணை அந்தச் சின்னச் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர் வேலையாலை வரும்மட்டும் மூச்சு இருக்கட்டும் எண்டு கேட்டனான். ஒருக்கா முகத்தைப் பாத்திட்டுப் போறன் எண்டு. அவ்வளவுதான் கேட்டனான். சின்னக் கேள்வி, அதுதான் சின்னத் திரி. நீர் வந்தீர். பாத்தன். என்ரை கணக்கு அதோடை முடிஞ்சுது." சுவரோரம் நின்ற திரியை நோக்கி முகத்தைக் காட்டினார். "அதுக்குப் பிறகு உள்ளதெல்லாம் உம்முடைய திரி."

எவ்லின் சட்டென்று மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கதவடியில் அண்ணை கண்ணைத் திறந்து பார்த்ததும், மூடியதும் அக்காவின் நினைவுக்கு வந்தது. அப்போது அவர் கண்ணாலேயே போய்விட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அக்காவுக்குத் தெரியவில்லை. அழுகை வரமுன் கோபம் வந்தது. அக்காவுக்கு எப்போதும் அந்த ஒழுங்குதான்.

"விசரன்," என்றார். "கேக்கிறதைக்கூட ஒழுங்காக் கேக்கத் தெரியாத விசரன்."

போய் அந்தச் சின்னத் திரியைக் குழியிலிருந்து பிடுங்கினார். திரும்பி வந்து, செபம் சொல்ல முழங்காலிடும் பலகையை இழுத்துத் திரியடியில் போட்டு ஏறினார். எட்டவில்லை. "தோளைத் தாங்கோ," என்றார். அண்ணை தோளைக் கொடுத்தார். ஐந்து கிலோவுக்கு மேல் பாரம் விழுந்ததா என்று அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. அக்கா பெருவிரலில் எழும்பி நின்று, சின்னத் திரியின் சுடரைப் பெரிய திரியின் நூலில் வைத்தார். ஒரு நொடி புகைந்தது. பிறகு பிடித்துக்கொண்டது.

"நைன், நைன்!" என்றபடி திரி அணைக்கும் தடியோடு ஜேர்மன்காரர் ஓடிவந்தார். வந்தவர் பலகையில் நின்ற அக்காவைப் பார்த்தார். அக்காவைத் தாங்கிக்கொண்டு நின்ற, வெயில் நாளில் குளிர் ஜக்கெற் போட்ட மனிசனைப் பார்த்தார். எவ்லினின் நனைந்த முகத்தைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, அணைப்பான் தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஒரு நிமிசம்," என்றார்.

அக்கா கீழே இறங்கினார். அண்ணையின் கையைப் பிடித்தார். ஜக்கெற் இப்போது அவருக்குத் தொளதொளவென்று கிடந்தது. முந்தி எக்ஸ்எல், இப்போது எம் கூட வராது. இனிச் சோறு தீத்தித் தீத்தித் திரும்ப எக்ஸ்எல் ஆக்க வேண்டும். மூவரும் தலையை நிமிர்த்தி மேலே எரிகிற சுடரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மீற்றர் எண்பது, பதினாலு சென்ரிமீற்றர், இருபத்தைந்து கிலோ.

அக்கா கண்ணைச் சுருக்கி ஒருமுறை மேலிருந்து கீழாக அளந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"கொஞ்சம் சின்னனாப் போச்சுதப்பா."